வன்னியிற் பறங்கிப்புண்: ஒரு பெயரும் இரு நோய்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வன்னிப் பெருநிலப்பரப்பின் நிலையை விவரித்த பிரித்தானிய அதிகாரிகள் திரும்பத் திரும்பச் சுட்டிய அவலங்கள் மூன்று: உடைந்து தூர்ந்த குளங்கள், அருகிவந்த குடித்தொகை, பறங்கிப்புண். வவுனியா, முல்லைத்தீவு ஆகிய பகுதிகளைப் பற்றி ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிக் கைந்நூலிலும் இந்நோய்க்கு இடமுண்டு. காய்ச்சல் வந்து போகும். பறங்கிப்புண் அவ்வாறு போவதன்று. சிறுவரின் கால்களிலும் முகத்திலும் சிவந்த முளைகளாகத் தோன்றி, மறைந்து, ஆண்டுகள் சென்றபின் எலும்பைப் பற்றும். முழந்தாளுக்குக் கீழுள்ள எலும்பு வில்போல வளையும். சிலருக்கு மூக்கு அழியும். உள்ளங்கால் தடித்து வெடிப்பதனால் நடப்பதே துன்பமாகும். வயலையும் காட்டையும் நம்பி வாழ்ந்த குடியானவனுக்குக் காலிழப்பு என்பது விதைப்பு இழப்பும் அறுவடை இழப்புமாகும்.

இந்நோயின் பெயரே ஆராயத்தக்கது. பறங்கி என்ற சொல் போர்த்துக்கேயரைக் குறிப்பது. அவர்களோடு வந்த நோய் என்ற நம்பிக்கையை அப்பெயர் தாங்கிநிற்கிறது. பதினாறாம் நூற்றாண்டில் வடமொழியில் எழுந்த பாவப்பிரகாசம் என்னும் மருத்துவ நூலும் பிரங்க நோய் என ஒன்றைக் கூறி, அதற்கு இரசத்தையும் பறங்கிப்பட்டையையும் மருந்தாக விதிக்கிறது. ஆனால் அங்குப் பேசப்படுவது கிரந்தி, அதாவது இன்று சிபிலிஸ் என்று வழங்கும் பாலியல் நோய். ஈழத்திலோ அதே பெயர், சிங்களத்திலும் தமிழிலும், சிறுவரைப் பற்றும் வேறொரு நோய்க்கு வழங்கலாயிற்று. தமிழகத்து வழக்கிற் பறங்கி வியாதி என்பது கிரந்தியையே குறிக்கிறது. ஒரு பெயருள் இரு நோய்கள் இவ்வாறு அடைபட்டன.

நோயை அயலான்மேற் சுமத்துவது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. கிரந்தி ஐரோப்பாவிற் பரவிய காலத்தில் இத்தாலியர் அதனைப் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். தன் ஊரின் பெயரை அதற்கு இட்டார் எவருமிலர்!

பெயர்க் குழப்பம் அகராதியோடு நின்றிருப்பின் அதனைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. அது மருத்துவ அறிவையும் தடுமாறச் செய்தது. இலங்கையின் பிரதம குடியியல் வைத்திய அதிகாரியாக இருந்த கின்சி 1881இல் பறங்கிப்புண் பற்றித் தனி அறிக்கையொன்றை எழுதிய வேளையில், இது கிரந்தியின் ஒரு வகையா, வேறு நோயா என்ற வினா உலகெங்கும் தீராதிருந்தது. இலண்டனிற் புகழ்பெற்ற வைத்தியரான ஜொனதன் ஹச்சின்சன் இரண்டும் ஒன்றே என வாதிட்டவர். அதே 1881இல், யாவாவிற் பணியாற்றிய சார்லூயிஸ் என்னும் ஒல்லாந்த இராணுவ வைத்தியர் இதற்கு மாறான சான்றினை வெளியிட்டார். பறங்கிப்புண் கண்ட ஒருவருக்குக் கிரந்திப் புண்ணின் நீரை ஏற்றியபோது கிரந்தியும் தோன்றிற்று. ஆகவே இரண்டும் வேறு என்பது அவர் முடிபு. அச்சோதனைகள் கைதிகளின் உடலில் நடத்தப்பட்டவை என்பதனை இன்று வாசிப்போர் எளிதிற் கடந்துபோக இயலாது.

நோயையும் நடத்தையையும் ஒன்றாக எண்ணும் போக்கினை அக்காலச் சட்டங்களிலும் காணலாம். பிரித்தானியாவில் 1864இல் இயற்றப்பட்ட தொற்றுநோய்ச் சட்டம், படைவீரருக்குப் பாலியல் நோய் வாராது காக்கும் பொருட்டு, பரத்தையர் என ஐயுறப்பட்ட பெண்களைக் கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தியது. இலங்கையிலும் 1867இல் இதனையொத்த சட்டம் வந்தது. ஆண்களைப் பரிசோதிக்கும் விதி அச்சட்டத்தில் இல்லை. நோய் இருவரிடையே பரவுவது, தண்டனையோ ஒருவருக்கே. பிரித்தானியச் சட்டம் பெரும் எதிர்ப்பின்பின் 1886இல் நீக்கப்பட்டது.

தெளிவு பிறந்த ஆண்டு 1905. அவ்வாண்டு பேர்லினில் ஷௌடினும் ஹொஃப்மனும் கிரந்திப் புண்ணிலே திருகு வடிவக் கிருமியொன்றைக் கண்டனர். அடுத்த சில மாதங்களுள், கொழும்பிற் பணியாற்றிய இத்தாலிய வைத்தியரான அல்டோ கஸ்தெல்லானி, பறங்கிப்புண்ணிலும் அத்தகைய கிருமியைக் கண்டார். நுணுக்குக்காட்டியில் இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காணல் அரிது. வழக்கமான குருதிச் சோதனையும் இன்றுவரை அவற்றைப் பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்துக் காட்டுவது அவை பரவும் வழியே. பறங்கிப்புண் பெரும்பாலும் பதினைந்து வயதிற்குட்பட்ட சிறுவரிடையே, காயப்பட்ட தோல் நோயுற்ற தோலிற் படுவதனாற் பரவுவது. நீரும் சவர்க்காரமும் மாற்றுடையும் அரிதான இடமே அதற்கு வாய்ப்பானது. கிரந்தியோ உடலுறவினாலும், கருவுற்ற தாயிடமிருந்து சேய்க்கும் பரவுவது. வன்னியின் நோய்க்குத் தீய நீரும் உணவுக் குறைவும் காரணமென எண்ணிய அதிகாரிகள் கிருமியை அறியாதவராயினும், வறுமையைக் கண்டவரையில் உண்மைக்கு அண்மையிலேயே நின்றனர். குளம் உடைந்த ஊரின் குழந்தை, பாலியல் நோயொன்றின் பெயரைச் சுமந்து திரிந்தது.

மருந்தும் இரு நோய்க்கும் ஒன்றாகவே வாய்த்தது. 1910இல் வழக்கிற்கு வந்த சால்வர்சன் என்னும் பாசாணச் சேர்வை இலங்கையிற் பறங்கிப்புண்ணுக்கும் கொடுக்கப்பட்டது. 1943இல் பெனிசிலின் கிரந்தியைக் குணமாக்கும் என நிறுவப்பட்டது. 1952 முதல் 1964 வரை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெப்பும் 46 நாடுகளில் ஏறத்தாழ 5 கோடி மக்களுக்குப் பெனிசிலின் ஏற்றியதன் பயனாகப் பறங்கிப்புண் உலகிற் பெரிதும் ஒடுங்கியது. வன்னியில் இன்று முதியோரும் அதனை அரிதாகவே நினைவுகூர்வர்.

அதே ஊசிக்கு அடங்கும் கிரந்தி மட்டும் ஏன் எஞ்சியது? அதன் இயல்பு ஒரு காரணம். தொற்றிச் சில வாரங்களில் தோன்றும் முதற்புண் வலியற்றது, மருந்தின்றியே ஆறிவிடும். பின்னர் உள்ளங்கை, உள்ளங்கால்களிலும் தடிப்புகள் தோன்றி, அவையும் மறையும். நோய் தீர்ந்ததென மகிழ்ந்திருப்பவரின் இதயத்தையோ மூளையையோ அது ஆண்டுகள் கழித்துத் தாக்கலாம். மற்றைய காரணம் நாணம். முதற்புண் கண்டவுடன் வைத்தியரை நாடினால் ஓரூசியே பெரும்பாலும் போதுமானது; ஆனால் துணைவரும் மருந்து பெறாவிடின் நோய் மீண்டும் தொற்றும். துணைவரிடம் சொல்வதற்கோ வாய் எழுவதில்லை. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில், வைத்தியசாலை வாயிலிற் காணப்படுவதே சிலருக்கு நோயினும் பெரிய அச்சமாகிறது. ஆணுறை தொற்றினைப் பெரிதும் தடுப்பது. அதனைக் கடையிற் கேட்பதற்கும் இதே தயக்கம். வெட்டை நோய்க்கிருமி பல மருந்துகளை எதிர்க்கும் வலிமை பெற்றுவரும் இக்காலத்தில், மறைவாக வாங்கி உண்ணும் மாத்திரை பயன் தராது போவதுமுண்டு.

இலங்கையில் இந்நாணம் குறுக்கிடாத இடமொன்று உண்டு. கருவுற்ற தாய்மாருக்கான சிகிச்சை நிலையங்களில் கிரந்திக்கான குருதிச் சோதனை நெடுங்காலமாக எல்லாத் தாய்மாருக்கும் உரியது; பின்னர் எச்.ஐ.வி. சோதனையும் அதனுடன் சேர்ந்தது. அங்கு எவரிடமும் நடத்தை பற்றி வினவப்படுவதில்லை. எவரும் தனியே சுட்டப்படுவதுமில்லை. முல்லைத்தீவின் கரையோரத்துத் தாயும் கொழும்பு நகரத்துத் தாயும் ஒரே சோதனைக்கே கை நீட்டுகின்றனர். தாயிடமிருந்து சேய்க்கு இவ்விரு நோய்களும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது. அரசாங்கத்தின் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களிலும் சோதனையும் மருந்தும் இலவசமே. ஆனால் அங்கு ஒருவர் தாமாகவே படியேற வேண்டும்.