தேய்வின் கணக்கு



கற்பூரச் சிமிழில் நான்கு மிளகையும் சேர்த்துப் போட்டு வைப்பது நம் வீடுகளில் வழக்கம். மிளகு இருந்தால் கற்பூரம் கரையாது என்பார்கள். அது மெய்தானா என்று நான் சோதித்துப் பார்த்ததில்லை. ஆனால், கற்பூரம் கரைவதை ஒருமுறை சோதிக்க நேர்ந்து, அதில் தோற்றுப்போனேன். கல்லூரியில் முதலாண்டு பயின்றபோது, ஒரு கற்பூரக் கட்டியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த நுண்தராசில் நிறுக்கச் சொன்னார் எங்கள் ஆசிரியர். ஐந்து முறை நிறுத்தேன். ஒவ்வொரு முறையும் எடை சிறிது குறைந்தே வந்தது. என் கைதான் சரியில்லை என்று அஞ்சி, ஐந்து இடங்களிலும் ஒரே எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. "அப்படியானால் அறையெல்லாம் மணக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வியை அஞ்சாமல் கேட்டவர்கள் சிலரைப் பற்றியே இன்று பேசப் போகிறேன்.

முதலில் நினைவுக்கு வருபவர் சாண்டோரியோ என்னும் இத்தாலிய மருத்துவர். 1561இல் பிறந்தவர், கலிலியோவின் காலத்தவர், பாதுவா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் கற்பித்தவர். பெரியதொரு வெள்ளிக்கோலின் ஒரு முனையில் நாற்காலியைத் தொங்கவிட்டு, அதில் அமர்ந்து தம்மைத் தாமே நிறுத்துக்கொண்டார். உண்ணுமுன் ஒரு எடை, உண்டபின் ஒரு எடை. உறங்கி எழுந்தால் ஒரு எடை. உள்ளே சென்ற உணவையும் நீரையும் நிறுத்தார். உடலிலிருந்து வெளியேறிய கழிவுகளையும் விடாமல் நிறுத்தார். இப்படி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் செய்தார் என்பர். வீட்டார் இதை எவ்வாறு பொறுத்துக்கொண்டனரோ!

வரவையும் செலவையும் கூட்டிப் பார்த்தபோது கணக்கு நேராகவில்லை. ஒரு நாளில் எட்டுப் பவுண்டு உணவும் நீரும் உட்கொண்டால், அதில் ஐந்து பவுண்டு அளவு கண்ணுக்குத் தெரியாமலே உடலைவிட்டுப் போய்விடுகிறது என்று 1614இல் வெளியிட்ட தம் நூலில் அவர் எழுதினார். உடலிலிருந்து புலப்படாத ஆவி வெளியேறுகிறது என்பது பழைய கிரேக்க மருத்துவரும் அறிந்த செய்தியே. அதற்கு ஓர் எண்ணைக் கண்டு சொன்னதுதான் சாண்டோரியோவின் சிறப்பு. நோய்களுக்கெல்லாம் இந்த ஆவி தடைப்படுவதே காரணம் என்று அவர் கருதியது பிழை. ஆயினும் தராசை மருத்துவத்திற்குள் கொண்டுவந்தவர் அவரே.

ஆவியில் இருப்பது என்ன என்பதை 1790ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரான்சில் லவாசியேயும் செகேனும் ஆராய்ந்தனர். காற்றுப் புகாத பட்டுப்பைக்குள் செகேன் புகுந்துகொண்டு, பையின் வாயைத் தம் உதடுகளைச் சுற்றி ஒட்டிக்கொண்டார். மூச்சு வழியே எவ்வளவு போகிறது, தோல் வழியே எவ்வளவு போகிறது என்று இதனால் பிரித்து அறிய முடிந்தது. ஆய்வு முற்றுப்பெறுமுன், 1794ஆம் ஆண்டு மே 8ஆம் நாள் லவாசியேயின் தலை கில்லட்டினில் விழுந்தது.

உயிருள்ளவை தேயும், கற்பூரமும் தேயும். உலோகமாவது தேயாதிருக்கும் என்று நம்பியே, பாரிஸ் அருகில் உள்ள செவ்ரில் பிளாட்டினமும் இரிடியமும் கலந்த உருளை ஒன்றை 1889 முதல் உலகுக்கெல்லாம் ஒரு கிலோகிராம் என்று வகுத்து வைத்தனர். அதன் படிகள் பல நாடுகளுக்குச் சென்றன. புதுதில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருப்பது 57ஆம் எண் படி. நூறாண்டுக்குப்பின், 1988 முதல் 1992 வரை, படிகளை மூல உருளையோடு ஒப்பிட்டு நிறுத்தபோது ஏறத்தாழ 50 மைக்ரோகிராம் வேறுபாடு தென்பட்டது. ஒரு விரல் ரேகை படிந்தால் சேரக்கூடிய எடை! மூலம் இளைத்ததா, படிகள் பருத்தனவா? அளவுகோலே ஐயத்திற்கு உள்ளானபின் எதைக்கொண்டு அளப்பது? இறுதியில் 2019ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் முதல் அவ்வுருளைக்கு ஓய்வு கொடுத்து, பிளாங்க் மாறிலியைக் கொண்டு கிலோகிராமை வரையறுத்தனர்.

இனி வானத்திற்குச் செல்வோம். நான்கு ஹைட்ரஜன் அணுக்கள் சேர்ந்து ஒரு ஹீலியம் அணுவானால், ஆயிரத்தில் ஏழு பங்கு நிறை குறைகிறது. ஆஸ்டன் அளந்து கண்ட இக்குறைவே சூரியனின் ஒளிக்கு மூலமாகலாம் என்று 1920இல் எடிங்டன் கூறினார். நிறையும் ஆற்றலும் ஒன்றே என்ற ஐன்ஸ்டீனின் 1905ஆம் ஆண்டு முடிவின்படி கணக்கிட்டால், சூரியன் ஒளியாகவே நொடிக்கு ஏறத்தாழ 42 லட்சம் டன் இழக்கிறது. கேட்டால் தலை சுற்றும். ஆனால் தோன்றிய நாள் முதல் 460 கோடி ஆண்டுகளில் இவ்வாறு இழந்தது, அதன் நிறையில் பத்தாயிரத்தில் மூன்று பங்கே.

பொருளாகவும் விண்மீன் தேயுமோ? 1956இல் டாய்ட்ஷ் என்னும் அமெரிக்க வானியலார், ஆல்பா ஹெர்க்குலிஸ் என்ற செவ்விண்மீனிலிருந்து வெளிப்படும் வாயு அதன் துணை விண்மீனையும் கடந்து பரவியிருப்பதை நிறமாலையில் கண்டார். அவ்வளவு தொலைவு சென்ற வாயு திரும்பி வராது. நாம் மார்கழியில் காணும் திருவாதிரை மீனும் இவ்வாறே வாயுவை உதறுகிறது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நம் பூமியின் நிறை அளவு பொருளை அது இழக்கிறது.

சூரியனைப் பற்றி இதையே கூறப்போய் இன்னலுக்கு ஆளானவர் சிகாகோ பல்கலைக்கழகத்தின் யூஜின் பார்க்கர். வால்மீனின் வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்ப்புறமே நீள்கிறது. சூரியனிலிருந்து வீசும் துகள்களே அதைத் தள்ளுகின்றன என்று 1951இல் ஜெர்மானிய அறிஞர் பீர்மன் கூறியிருந்தார். பார்க்கர் கணக்கிட்டுப் பார்த்தார். பத்து லட்சம் பாகைக்கு மேற்பட்ட வெப்பமுள்ள சூரிய மகுடம் நிலையாக நிற்க இயலாது. ஒலியினும் விரைந்து புறத்தே பாய்ந்தே தீரும் என்று கண்டார். அவர் அனுப்பிய கட்டுரையை ஆய்ந்த இருவரும் அது அச்சுக்குத் தகாதது என்று தள்ளிவிட்டனர்.

அந்த வானியல் இதழின் ஆசிரியர் நம் சுப்ரமணியன் சந்திரசேகர். அவருக்கும் இக்கருத்து பிடிக்கவில்லை. ஆனால் மறுத்தவர்கள் கணக்கில் ஒரு பிழையேனும் காட்டவில்லை என்பதை அவர் நோக்கினார். கட்டுரையை 1958 நவம்பரில் வெளியிட்டார். 1935 ஜனவரியில், இலண்டன் சபையில், இதே எடிங்டன் இளைஞரான சந்திரசேகரின் கணக்கைப் பலர் முன்னிலையில் எள்ளி நகையாடினார் என்பதை நாம் மறக்கலாகாது. அந்த நாளை அவர் எண்ணிப் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1959இல் சோவியத்தின் லூனா விண்கலம் அத்துகள்களை உணர்ந்தது. 1962இல் வெள்ளியை நோக்கிச் சென்ற மாரினர் 2, சூரியக் காற்று ஓயாமல் வீசுவதை வழிநெடுக அளந்தது. அதன் வழியாகச் சூரியன் நொடிக்குப் பத்து லட்சம் டன்னுக்கு மேல் இழக்கிறது என்பது இன்றைய கணக்கு.

2018 ஆகஸ்டு 12 அன்று, பார்க்கரின் பெயர் தாங்கிய விண்கலம் சூரியனை நோக்கிப் புளோரிடாவிலிருந்து கிளம்பியது. அதை வழியனுப்ப, 91 வயதில், அவரே அங்கு வந்திருந்தார்.