சீதபேதி என்றார்கள்

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் வந்துகொண்டிருந்தேன். பக்கத்தில் தொழிற்பேட்டை நண்பர். உறவினர் கலியாணத்துக்காக லீவு போட்டிருந்தார். சில மாதங்களாகவே மலத்தோடு ரத்தம் போகிறதாம். "மூலந்தான் சார்! டாக்டரிடம் போனால் ஒரு நாள் சம்பளம் போய்விடும்" என்றார்.

எனக்கு 1923-ஆம் ஆண்டு நினைவுக்கு வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை இறந்த ஆண்டு அது. சீதபேதி என்று நினைத்து வைத்தியம் செய்தார்கள். இருந்ததோ மலக்குடல் புற்றுநோய். அந்தத் துயரம் அக்காவை விடவில்லை. அவருடைய முயற்சியால் 1954-இல் அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் பிறந்தது.

பெருங்குடலிலிருந்து வரும் ரத்தம் கல்லீரலைக் கடந்துதான் இருதயத்துக்குத் திரும்புகிறது. ஆகவே குடலில் கிளம்பிய நோய் பெரும்பாலும் அங்கேதான் முதலில் குடியேறுகிறது. முன்பெல்லாம் அத்துடன் நம்பிக்கை முடிந்தது. 1957-இல் அமெரிக்காவில் ஹைடல்பெர்கர் குழுவினர் அளித்த ஃபுளோரோயுராசில் என்ற மருந்து இன்றும் கைகொடுக்கிறது. மருந்தால் கட்டியைச் சுருக்கி, நோயுற்ற பகுதியை அறுத்தெடுக்கிறார்கள். ஆரோக்கியமான கல்லீரலில் மூன்றிலொரு பங்கு எஞ்சினாலும் அது மீண்டும் வளர்ந்துவிடும்! ஆனால், அறுக்கும் நிலையில் வருகிறவர்கள் சிலரே.

வண்டி சென்ட்ரலில் நின்றது. எதிரே பெரிய ஆஸ்பத்திரி.

"கலியாணம் மாலையில்தானே?" என்றேன்.

நண்பர் சற்றுத் தயங்கினார். பிறகு என்னோடு சாலையைக் கடந்தார்.