கொல்லம் மெயிலின் ஏழரை

மாலையில் தாம்பரத்தில் கொல்லம் எக்ஸ்பிரஸ் வந்து நின்றதும் மூட்டை முடிச்சோடு ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசிக்காரர்கள். குரோம்பேட்டையிலும் பெருங்களத்தூரிலும் குடியேறியவர்கள். மலையைத் தாண்டிப் போகிறவர்கள் கொஞ்சம்தான். இந்த ரயிலின் பெருமையோ செங்கோட்டைக்கு அப்பால், புனலூர் வரையான 49 கிலோமீட்டரில் இருக்கிறது.

தென்னிந்திய ரயில்வே கம்பெனி அமைத்த அந்த மீட்டர் கேஜ் பாதையில் 1904 நவம்பர் 26 அன்று ரயில் ஓடத் தொடங்கியது. அன்று செங்கோட்டையே திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். 1956இல்தான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஆக, ஆரியங்காவுக் கணவாயில் ரயில் போய் எல்லையைக் கடக்கவில்லை. எல்லைதான் அரை நூற்றாண்டு கழித்து வந்து தண்டவாளத்தின் குறுக்கே உட்கார்ந்தது.

எழும்பூரிலிருந்து தாம்பரம் வழியே ஓடிய பழைய கொல்லம் மெயில், அகலப்பாதை வேலை துண்டு துண்டாக நடந்ததில் இல்லாமல் போனது. 2010 செப்டம்பரில் மலைப்பாதையையும் மூடினார்கள். திறந்தது 2018 மார்ச் கடைசியில். சரியாக ஏழரை ஆண்டு. சனி பிடித்த கணக்கேதான்! சனி விட்டதும் சென்னைப் பக்கமிருந்து கொல்லத்துக்குச் சிறப்பு ரயில் புறப்பட்ட இடம் எழும்பூர் இல்லை, தாம்பரம்.

செங்கோட்டையில் பின்னால் இன்னொரு இன்ஜினை மாட்டுகிறார்கள். ஏற்றத்தில் தள்ள அது வேண்டும், இறக்கத்தில் பிடிக்கவும் வேண்டும். பகவதிபுரம் தாண்டியதும் நீளமான குகை. பெட்டிக்குள் பிள்ளைகள் ஒரே கூச்சல். வெளியே வந்தால் ஆரியங்காவு. அப்புறம் கழுதுருட்டியில் பதிமூன்று கண் பாலம். அகலப்பாதையின் பாரம் தாங்க அதன் கல்தூண்களுக்கு கான்கிரீட் சட்டை போட்டிருக்கிறார்கள். அழகு கொஞ்சம் குறைந்ததுதான், ஆனால் பாலம் பிழைத்தது. வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்தான் என்பதால், கீழே சாலையில் போகும் லாரிக்காரர் நம்மை முந்திக்கொண்டு போகிறார்.

ஒரு சங்கடம். தாம்பரத்திலிருந்து போகும் ரயில் விடியாத இருட்டில் மலையேறுகிறது; தென்மலை பக்கம் போகும்போதுதான் வெளிச்சம் வரும். காட்சிக்காகப் போகிறவர்கள் திரும்பி வரும் ரயிலுக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். கொல்லத்தில் நண்பகலில் கிளம்பி, பட்டப்பகலில் மலை ஏறி இறங்குகிறது. என்ன, தாம்பரத்தில் கொண்டுவந்து விடுவது நடுச்சாமத்துக்குப் பிறகு. ஆட்டோக்காரரிடம் பேரம் பேசத் தெம்பு மிச்சம் வைத்திருங்கள்.