குத்தகையிலிருந்து தடை வரை: புதுவையில் புகையிலையும் சட்டமும்

புகையிலை தமிழ்நிலத்தின் பழம்பயிர் அன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அச்செடி, போர்த்துகீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டியே இந்தியாவில் பரவலாயிற்று. நம் பண்டைய அறநூல்களில் கள்ளும் ஊனும் கடியப்பட்டிருக்கப் புகையிலை மட்டும் இடம்பெறாமைக்கு இதுவே காரணம். அந்நூல்கள் எழுந்த காலத்தில் அப்பொருளே இங்கு இல்லை. வந்த பின்னரோ அது விரைந்து வேரூன்றியது. நாளடைவில் புகையிலையையே தூதாக விடுத்து ஒரு சிற்றிலக்கியம் தமிழில் தோன்றியது, அதனை உ.வே. சாமிநாதையர் பதிப்பித்துள்ளார்.

பரவியவுடன் தடையும் தொடங்கியது. 1617ஆம் ஆண்டில் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் புகை பிடித்தலைத் தடுத்து ஆணையிட்டார். பாரசீக மன்னர் ஷா அப்பாஸும் தம் நாட்டில் அவ்வாறே தடுத்திருந்தார். ஆனால் ஜஹாங்கீரின் தூதராகப் பாரசீகம் சென்ற கான் ஆலம் என்பவர் புகையின்றிச் சிறுபொழுதும் இருக்க இயலாதவர். அவருக்கு மட்டும் ஷா விலக்கு அளித்த செய்தியைப் பேரரசரே தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்திருக்கிறார். தடை பிறந்தபோதே பெரிய மனிதர்க்கான விலக்கும் உடன் பிறந்துவிட்டது போலும்.

தென்னகத்துக் கடற்கரையில் ஆட்சி செய்த வணிகக் குழுமங்கள் தடை என்னும் வழியை நாடவில்லை. அவர்களுக்கு வருவாய் வேண்டியிருந்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக் குழுமத்தார் வெற்றிலை, புகையிலை விற்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டனர். 1736இல் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் பயில்வோர், அந்நாளைய நகர வாழ்வில் இத்தகைய குத்தகைகள் பெற்றிருந்த இடத்தை அறிவர். குத்தகை எடுத்தவர் பணம் கட்டுவார். விற்கும் உரிமை அவருடையது. பிறர் விற்றால் குற்றம். ஆகவே புகையிலை விற்பனைக்குப் புதுவையில் கட்டுப்பாடு என்பது இன்று நேற்று வந்ததன்று. அன்றைய கட்டுப்பாடு காத்தது கருவூலத்தை. புகைப்பவரின் நுரையீரலோ, அருகில் இருப்பவரின் மூச்சோ அதன் கருத்தில் இல்லை.

அருகில் இருப்பவரைப் பற்றிய எண்ணம் சட்டத்தில் முதலில் தலைகாட்டிய இடங்களுள் ஒன்று இரயில் பெட்டி. 1890ஆம் ஆண்டின் இந்திய இரயில்வே சட்டம், உடன் பயணம் செய்வோரின் இசைவு பெறாமல் பெட்டியில் புகை பிடிப்பவருக்கு 20 ரூபாய் வரை தண்டம் விதித்தது. அக்காலத்தில் அது சிறு தொகையன்று. புதுச்சேரியையும் விழுப்புரத்தையும் இணைக்கும் இருப்புப்பாதை அதற்கு முன்னரே, 1879இல், திறக்கப்பட்டுவிட்டது. முதலியார்பேட்டையில் ஏ.எப்.டி. ஆலையின் அருகே கடலூர்ச் சாலையைக் குறுக்கே கடக்கும் பாதை அதுவே. பிரெஞ்சு மண்ணில் புறப்படும் வண்டி சிறிது நேரத்தில் பிரிட்டிஷ் இந்திய எல்லைக்குள் நுழைந்துவிடும். ஒரே பயணத்தில் இரு அரசுகளின் நிலத்தைக் கடப்பது அக்கால முதலியார்பேட்டையினர்க்கு இயல்பான செய்தி.

சட்டத்தில் இவ்விருமை நெடுங்காலம் நீடித்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், பொதுத் தொல்லையைக் குற்றமாக்கியதோடு, மக்களின் உடல்நலத்திற்குக் கேடு தரும் வகையில் காற்றை மாசுபடுத்துவோர்க்கு 500 ரூபாய் வரை தண்டம் என்று 278ஆம் பிரிவில் கூறியது. புதுவையில் ஆட்சி 1954 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறையில் கைமாறி, 1962 ஆகஸ்டு 16ஆம் நாள் சட்டப்படி இணைப்பு நிறைவேறிய பின்னர், 1963இல்தான் அத்தண்டனைச் சட்டம் இங்கு விரிவாக்கப்பட்டது. எனினும் அப்பிரிவைப் புகை பிடிப்பவர்மேல் செலுத்தலாம் என்ற எண்ணம் பரவலாக எழ மேலும் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயின. இடையே 1975இல் வந்த சிகரெட் சட்டம், பெட்டியின்மேல் ஓர் எச்சரிக்கை வரியை அச்சிடச் செய்தது, அவ்வளவே. பீடிக்கும் மெல்லும் புகையிலைக்கும் அதுவும் இல்லை.

திருப்பம் கேரளத்தில் நிகழ்ந்தது. பொது இடங்களில் பிறர் விடும் புகையால் இடருற்றோர் தொடுத்த வழக்கில், 1999 ஜூலை 12ஆம் நாள் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமர்வின் தலைமை நீதிபதி தேவகோட்டையைச் சேர்ந்த ஏ.ஆர். இலட்சுமணன். பொது இடத்தில் புகைத்தல் பொதுத் தொல்லை என்றும், புகைக்காதவரை அப்புகையைச் சுவாசிக்கச் செய்வது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையை மீறுவது என்றும் நீதிமன்றம் கண்டது. நூற்றுநாற்பது ஆண்டுப் பழைமையான 278ஆம் பிரிவு அன்று புத்துயிர் பெற்றது. புதிதாக ஒரு சட்டம் இயற்றப்படும் வரை காத்திராமல், இருந்த சட்டத்தையே கூர்ந்து படித்த அத்தீர்ப்பு இவ்வரலாற்றின் மிகச் சிறந்த பகுதி எனலாம். பயனின்றித் தீ மூட்டுவதையும் காற்றை வருத்துவதையும் அனர்த்த தண்டத்துள் அடக்கிய மரபில் வந்தோர்க்கு, அதன் நியாயம் அயலானதாய்த் தோன்றாது.

அடுத்து முரளி தேவ்ரா தொடுத்த வழக்கில், 2001 நவம்பர் 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் மருத்துவமனை, கல்விக்கூடம், நூலகம், நீதிமன்றம், அரசு அலுவலகம், பேருந்து, இரயில் முதலிய இடங்களில் புகை பிடித்தலை நாடு முழுவதும் தடுத்தது. தமிழ்நாடு 2002இல் புகைத்தலுக்கும் எச்சில் உமிழ்தலுக்கும் எதிராகத் தனிச் சட்டம் இயற்றியது. 2003இல் நாடாளுமன்றம் இயற்றிய சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருட்கள் சட்டம் 2004 மே 1 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. இதில்தான் பீடியும் சுருட்டும் மெல்லும் புகையிலையும் சிகரெட்டோடு ஒரே வரிசையில் நிறுத்தப்பட்டன. விளம்பரம் தடுக்கப்பட்டது. 18 வயது நிரம்பாதவர்க்கு விற்பதும், கல்வி நிலையங்களிலிருந்து 100 கெஜத்திற்குள் விற்பதும் குற்றமாயின.

2008 அக்டோபர் 2ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளன்று, விரிவான விதிகள் நடைமுறைக்கு வந்தன. அவற்றின் நுட்பம் பொறுப்பை யார்மேல் வைத்தது என்பதில் உள்ளது. புகைப்பவர் மட்டுமன்றி, அவ்விடத்தின் உரிமையாளரோ மேலாளரோ பதில் சொல்ல வேண்டும். ‘இங்கே புகை பிடித்தல் குற்றம்’ என்னும் பலகையை 60க்கு 30 சென்டிமீட்டர் அளவில் அவர் வைக்க வேண்டும். சாம்பற்கிண்ணமோ தீப்பெட்டியோ தரலாகாது. முறையீடு வந்தும் வாளாவிருந்தால், நிகழ்ந்த குற்றங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவரும் தண்டம் கட்ட வேண்டும். 2009 மே 31 முதல் பெட்டிகளில் எச்சரிக்கைப் படங்கள் வந்தன. 2016 ஏப்ரல் முதல் அவை பெட்டியின் 85 விழுக்காட்டை மூடின.

ஏட்டில் இவ்வளவும் தெளிவாயிருக்கிறது. தெருவில் அவ்வாறில்லை. 100 கெஜம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர். அதுவும் நடக்கும் வழியால் அன்று, பள்ளியின் சுற்றுச்சுவரிலிருந்து எத்திசையிலும் நேர்க்கோட்டில் அளக்கப்படுவது. முதலியார்பேட்டை போன்ற நெருக்கமான பகுதியில், இரண்டு தெரு தள்ளியிருக்கும் பெட்டிக்கடைகூட அவ்வட்டத்துள் விழக்கூடும். பள்ளி பிறகு வந்து, கடை முன்பே இருந்ததாயினும் விதி மாறாது. மிட்டாயும் வாழைப்பழமும் விற்றுக் குடும்பம் நடத்தும் கடைக்காரருக்கு, சிகரெட் வாங்க வருபவரே நாள்தோறும் தவறாது வரும் வாடிக்கையாளர். அவரை இழப்பது எளிதன்று. அக்கடைக்கு மிட்டாய் வாங்க வரும் பத்து வயதுச் சிறுவனின் கண்ணெதிரே அப்பெட்டிகள் அடுக்கியிருப்பதும் எளிதாகக் கடக்கத்தக்கதன்று. சட்டம் சிறுவன் பக்கம் நின்றது. ஆனால் கடைக்காரர்க்கு மாற்று வழி எதனையும் அது சொல்லவில்லை. 2003இல் அது வகுத்த 200 ரூபாய்த் தண்டமோ, விலைவாசி பன்மடங்கு ஏறிய பின்னரும் ஒன்றியச் சட்டத்தில் அதே 200 ரூபாயாக நெடுங்காலம் நின்றது. அண்டையிலுள்ள கருநாடகம் தன் எல்லைக்குள் அதனை 1,000 ரூபாயாகவும், வாங்குவோர் வயதை 21 ஆகவும் உயர்த்தித் திருத்தம் செய்திருக்கிறது.