பூக்கோசும் என் பிரெஞ்சுப் பாடமும்

காய் வீட்டுக்கு வருவதற்கு முன்பே அதன் பெயர் எனக்குத் தெரியும். புதுச்சேரியில் நான் படித்த பிரெஞ்சுப் பாடநூலில் வெள்ளையாக ஒரு படம். அதன் கீழே 'ஷூஃப்ளேர்'. ஷூ என்றால் கோசு, ஃப்ளேர் என்றால் பூ. 1962 ஆகஸ்டு 16இல் எங்கள் ஊர் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோதும் நான் அதைத் தொட்டுப் பார்த்ததில்லை. அம்மா வீட்டுக்குள் விடமாட்டார்கள். "வெள்ளைக்காரன் காய், உள்ளே புழு இருக்கும்" என்பார்கள். புழு விஷயத்தில் அவர்கள் சொன்னது சரிதான்.

வெள்ளைக்காரனுக்கும் அது வந்த காய்தான் என்பது பின்னால் படித்தபோது தெரிந்தது. மத்தியதரைக் கடலின் கிழக்குப் பக்கத்திலிருந்து இத்தாலிக்கு வந்து, அங்கிருந்து பிரான்சுக்குப் போயிருக்கிறது. 1600இல் ஒலிவியே தெ செர் எழுதிய வேளாண் நூல் அதை இத்தாலியப் பெயராலேயே சொல்லி, பிரான்சில் இன்னும் அரிது என்கிறது. பிறகு பெரிய இடத்துக் காயாகிவிட்டது. பதினைந்தாம் லூயி மன்னரின் ஆசைநாயகி மதாம் துய் பரியின் பெயரில் இன்றும் ஒரு பூக்கோசு சூப் உண்டு. 1761இல் ஆங்கிலேயர் நம் ஊரைப் பிடித்தபோது பிரான்சை ஆண்டவரும் இதே லூயிதான். அந்த அம்மையார் 1793இல் கில்லட்டினில் தலை இழந்தார். சூப்புக்குப் பெயர் தங்கிவிட்டது.

இந்தியாவுக்கு இதன் விதை 1822இல் சஹாரன்பூர் தோட்டத்துக்கு வந்ததாக வேளாண் நூல்கள் சொல்கின்றன. வந்தது குளிர் கேட்கும் செடி. வடக்கத்தி விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக விதை பொறுக்கி, 20 முதல் 27 டிகிரி வெப்பத்திலும் பூப் பிடிக்கும் ரகங்களை உண்டாக்கினார்கள். இந்தியில் 'கோபி' என்பது போர்த்துகீசியரின் 'கோவ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. அவர்கள் 'பூல் கோபி' என்றார்கள், நாம் பூக்கோசு என்றோம். பாடநூலில் நான் படித்த அதே இரண்டு சொற்கள்!

பிரெஞ்சுக்காரர் இதை அடுப்பறைக்குள் வைத்துச் சிவக்க விடுவார்கள். நம் வீடுகளில் அப்படி அடுப்பு ஏது? ஊரில் இருந்தது ரொட்டிக்கடையின் விறகு அடுப்பு ஒன்றுதான். அதனால் கோசு நம்மிடம் எண்ணெய்ச் சட்டிக்குள் விழுந்தது. மருத்துவர் எண்ணெயைக் குறைக்கச் சொன்ன பிறகு, மகன் வாங்கிக் கொடுத்த மின்சார ஓவனில் நானே செய்கிறேன்.

சிறு பூக்களாகப் பிரித்து, உப்பும் மஞ்சளும் போட்ட வெந்நீரில் ஐந்து நிமிடம். புழு இருந்தால் வெளியே வரும். பிறகு துணியில் பரப்பி அரை மணி நேரம் உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் மொறுமொறுப்பு வராது. முதல் மூன்று தடவை எனக்குக் குழைந்துதான் போனது. இரண்டு கரண்டி எண்ணெய், மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி பூண்டு விழுது, உப்பு, இரண்டு கரண்டி அரிசி மாவு சேர்த்துப் பிசறி, தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வையுங்கள். நெருக்கி வைத்தால் ஆவியில் வெந்துவிடும். முன்பே சூடாக்கிய ஓவனில் 220 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். நடுவில் ஒரு தடவை திருப்பிவிட வேண்டும். ஓரம் கருகினாற்போல் இருந்தால்தான் ருசி.

அம்மாவின் திவசத்தன்று இந்தக் காய் எங்கள் வீட்டில் இலைக்கு வராது. மறுநாள் செய்கிறோம். போன வருடம் என் பேத்தி முதல் தட்டைக் கொண்டுபோய் அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டாள். நான் எடுக்கச் சொல்லவில்லை.