ஆஸ்திரேலியாவும் அமெரிக்க ஹார்டு டிஸ்க்கும்: ஒரு வாங்கல் வழக்கத்தின் வரலாறு

2010-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஒரு வாங்கல் வழக்கம் வேரூன்றியது. பெரிய கொள்ளளவுள்ள எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் தேவைப்பட்டவர்களில் பலர் உள்ளூர்க் கடைகளை விட்டுவிட்டு அமெரிக்க இணையக் கடைகளில் ஆர்டர் கொடுத்தார்கள். விமானத்தில் வந்துசேரும் செலவைக் கூட்டிப் பார்த்தாலும் பல சமயம் அதுவே மலிவாக இருந்தது. இதற்கு மூன்று விலை இடைவெளிகள் காரணம். அமெரிக்க விலைக்கும் ஆஸ்திரேலிய விலைக்கும் இடையே ஒன்று. வரி செலுத்திய சரக்குக்கும் செலுத்தாத சரக்குக்கும் இடையே ஒன்று. பெட்டிக்குள் அடைத்து விற்ற டிஸ்க்குக்கும் தனியாக விற்ற டிஸ்க்குக்கும் இடையே மற்றொன்று.

ஹார்டு டிஸ்க் கடைச்சரக்காக மாறவே கால் நூற்றாண்டு ஆயிற்று. ஐ.பி.எம். நிறுவனம் 1956 செப்டம்பரில் அறிவித்த ராமாக் 305 கணினியின் தட்டு அலகில் 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள் இருந்தன. அதன் எடை ஒரு டன்னுக்கு மேல். கொள்ளளவோ 50 லட்சம் எழுத்துகள்.  அதை நிறுவனங்கள் மாத வாடகைக்கு எடுத்தன. 1980-இல் சீகேட் நிறுவனம் மேசைக் கணினிக்குள் பொருந்தும் 5.25 அங்குல டிஸ்க்கை 5 எம்.பி. கொள்ளளவில் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் நிறுவனம் அதே 5 எம்.பி. கொள்ளளவைத் தனிப் பெட்டியில் அடைத்து ‘ப்ரோஃபைல்’ என்ற பெயரில் விற்றது. விலை 3,499 டாலர். கணினிக்கு வெளியே வைத்துக் கேபிளில் இணைக்கும் டிஸ்க் என்ற வடிவம் தனிநபர் கணினிச் சந்தைக்கு வந்தது ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான்.

உற்பத்தி விரைவிலேயே அமெரிக்காவை விட்டு நகர்ந்தது. சீகேட் 1982-இல் சிங்கப்பூரிலும் அதற்கடுத்த ஆண்டு தாய்லாந்திலும் காலூன்றியது. போட்டி நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. 1996 டிசம்பரில் சிங்கப்பூரில் கூடிய வணிக அமைச்சர்கள் மாநாட்டில் உருவான தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தம், ஹார்டு டிஸ்க் உள்ளிட்ட கணினிச் சரக்குகளின் மீதான சுங்க வரியை நீக்க வழிசெய்தது. ஆஸ்திரேலியாவும் அதில் சேர்ந்தது. ஆகவே பிற்காலத்தில் அந்நாட்டில் எழுந்த தகராறில் சுங்க வரிக்கு இடமில்லை. தகராறு விற்பனை வரியைப் பற்றியது.

எக்ஸ்டர்னல் டிஸ்க்கை வீட்டுப் பொருளாக்கியது யு.எஸ்.பி. 2000-இல் வந்த யு.எஸ்.பி. 2.0 நொடிக்கு 480 மெகாபிட் வேகம் தந்தது. 2008-இல் வெளியான யு.எஸ்.பி. 3.0 அதைப் பத்து மடங்குக்கு உயர்த்தியது. பெட்டியைத் திறக்காமலும் திருப்புளி எடுக்காமலும் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ள முடிந்ததால், டிஜிட்டல் படங்களும் வீடியோவும் குவியத் தொடங்கிய வீடுகளில் இந்த டிஸ்க்குகள் இடம்பிடித்தன. ஹிட்டாச்சி 2007-இல் முதல் 1 டெராபைட் டிஸ்க்கை 399 டாலருக்கு அறிவித்தது. மூன்றே ஆண்டுகளில், 2010-இல், சீகேட்டின் 3 டெராபைட் டிஸ்க் வந்தது. அது முதலில் விற்பனைக்கு வந்தது எக்ஸ்டர்னல் வடிவில்தான். டிஸ்க்கின் இடத்தைப் பிரித்துக் குறித்துவைக்கும் பழைய முறைப் பகிர்வு அட்டவணை 2.2 டெராபைட்டுக்கு மேல் கணக்கு வைக்காது. அதனால் அன்றைய கணினிகள் பல அவ்வளவு பெரிய டிஸ்க்கிலிருந்து துவங்க முடியாமல் திணறின. எக்ஸ்டர்னல் பெட்டியில் உள்ள சிறு சர்க்யூட் பலகை அந்தச் சிக்கலை மறைத்துவிட்டது. இப்படித்தான் பெரிய கொள்ளளவைத் தேடியவர்களின் பார்வை எக்ஸ்டர்னல் பக்கம் திரும்பியது.

ஆஸ்திரேலிய வழக்கம் தொடங்கியதும் இந்தச் சமயத்தில்தான். அந்நாட்டு டாலர் 2010 இறுதியில் அமெரிக்க டாலருக்குச் சமமானது. 2011 ஜூலையில் 1.10 அமெரிக்க டாலரைத் தொட்டது. ஆனால் உள்ளூர்க் கடைகளில் கணினிச் சரக்கின் விலை அதற்கேற்பக் குறையவில்லை. சிறிய சந்தை, உயர்ந்த கூலி, கடை வாடகை, இடைத்தரகர்களின் பங்கு என்று விற்பவர்கள் காரணம் சொன்னார்கள். வாங்குபவர்கள் அதை ‘ஆஸ்திரேலியா வரி’ என்று கேலி செய்தார்கள். நாடாளுமன்றக் குழு ஒன்று இதை விசாரித்தது. 2013 மார்ச்சில் ஆப்பிள், மைக்ரோசாஃப்ட், அடோபி நிறுவனங்களை வரவழைத்துக் கேள்வி கேட்டது. அதே ஆண்டு ஜூலையில் வெளியான அறிக்கை, நாடு பார்த்து விலை வைக்கும் இணையத் தடைகளைச் சுற்றிச் செல்லும் வழிகளை நுகர்வோருக்குத் தெரியப்படுத்த வேண்டும் என்ற அளவுக்குப் போனது.

விலை வித்தியாசத்தோடு வரி வித்தியாசமும் சேர்ந்தது. 2000 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில் 10 சதவீத ஜி.எஸ்.டி. நடைமுறையில் இருந்தது. ஆனால் தனிநபர் வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் 1,000 ஆஸ்திரேலிய டாலர் வரையிலான பார்சலுக்கு அந்த வரி கிடையாது. ஹார்டு டிஸ்க் எவ்வளவு பெரிதானாலும் ஒன்றின் விலை இந்த எல்லைக்குள்தான் அடங்கியது. உள்ளூர்ச் சில்லறை வணிகர்கள் பொங்கினார்கள். ஹார்வி நார்மன் கடைகளின் தலைவர் ஜெரி ஹார்வி முன்னின்று, 2011 தொடக்கத்தில் இந்த விலக்கை எதிர்த்துப் பிரசாரம் நடந்தது. பொதுமக்களிடம் அது எதிர்ப்பையே சம்பாதித்தது. உற்பத்தித்திறன் ஆணையம் அவ்வாண்டு தந்த அறிக்கையில், எல்லையைக் குறைக்க வேண்டிய கொள்கைக் காரணம் இருந்தாலும், பார்சல் பார்சலாக வரி வசூலிக்கும் செலவு கிடைக்கும் வருமானத்தைத் தின்றுவிடும் என்று கணித்தது. விலக்கு தொடர்ந்தது.

மூன்றாவது இடைவெளியை வெளிச்சமாக்கியது ஒரு வெள்ளம். 2011 அக்டோபரில் தாய்லாந்தின் அயுத்தயா பகுதித் தொழிற்பேட்டைகள் நீரில் மூழ்கின. வெஸ்டர்ன் டிஜிட்டலின் பாங் பா-இன் ஆலையிலிருந்து இயந்திரங்களை மீட்க முக்குளிப்பவர்கள் இறங்க வேண்டியிருந்தது. டிஸ்க்குகளைச் சுழற்றும் மோட்டார் செய்யும் ஆலைகளும் அங்கேயே இருந்ததால், வெள்ளம் புகாத நிறுவனங்களுக்கும் பாகம் கிடைக்கவில்லை. தனி டிஸ்க்குகளின் விலை சில வாரங்களில் இரு மடங்கு ஆனது. எக்ஸ்டர்னல் டிஸ்க்கின் விலை அதே அளவு ஏறவில்லை. இணையவழிக் காப்புச் சேவை நடத்தும் கலிஃபோர்னிய நிறுவனமான பேக்பிளேஸ், தன் ஊழியர்களையும் அவர்களது உறவினர், நண்பர்களையும் கடை கடையாக அனுப்பி எக்ஸ்டர்னல் டிஸ்க்குகளை வாங்கியது; ஆளுக்கு இத்தனைதான் என்று கடைகள் வரம்பு வைத்தும் அது ஓயவில்லை. வாங்கியவற்றின் மேலோட்டைக் கழற்றி உள்ளிருந்த டிஸ்க்கைத் தன் சர்வர்களில் பொருத்தியது. 2012-இல் இதை அந்நிறுவனமே வெளிப்படையாக எழுதியபோது, பெட்டிக்குள் இருப்பது வெளியே விற்பதைவிட மலிவு என்ற செய்தி பரவியது.

ஓடு கழற்றும் வேலை எளிமையானது. பெட்டியின் இணைப்பு விளிம்பில் காலாவதியான கிரெடிட் கார்டு போன்ற மெல்லிய பிளாஸ்டிக் அட்டைகளைச் செருகி உட்கொக்கிகளை விடுவிப்பார்கள். உள்ளே ரப்பர் தாங்கிகளில் உட்கார்ந்திருக்கும் 3.5 அங்குல டிஸ்க்கும், அதை யு.எஸ்.பி.க்கு மாற்றும் பலகையும் இருக்கும். சில மாடல்களில் அந்தப் பலகையே தகவலைக் குறியாக்கம் செய்துவிடும். டிஸ்க்கைத் தனியே பொருத்தினால் பழைய கோப்புகள் படிக்க முடியாத குப்பையாகத் தெரியும். பின்னாளில் வந்த சில டிஸ்க்குகள் பழைய பவர் சப்ளையில் சுழலவே மறுத்தன. டிஸ்க்கைக் கணினியுடன் இணைக்கும் சாட்டா தரத்தின் 3.3 விதிமுறை, மின் இணைப்பின் மூன்றாவது ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க்கை நிறுத்தி வைக்கும் வசதியைச் சேர்த்ததே காரணம். அந்த ஊசியின் மேல் மின்சாரம் கடத்தாத காப்டான் நாடாவின் சிறு துண்டை ஒட்டினால் போதும், டிஸ்க் ஓடும்.

2013-இல் ஹீலியம் நிரப்பிய டிஸ்க்குகள் வந்தபின் கொள்ளளவு இன்னும் வேகமாக ஏறியது. காற்றைவிட இலேசான வாயுவில் தட்டுகள் சுழலும்போது உராய்வு குறைகிறது. ஒரே உயரத்துக்குள் கூடுதல் தட்டுகளை அடுக்கலாம். 2016 வாக்கில் 8 டெராபைட் எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் சாதாரண வீட்டுச் சரக்காக விற்றன. நவம்பர் இறுதியில் வரும் அமெரிக்கத் தள்ளுபடி விற்பனை ஆஸ்திரேலியர்களுக்கும் கொள்முதல் காலமாயிற்று. வெளிநாட்டுக்கு அனுப்பாத கடைகளிடமிருந்து வாங்க, அமெரிக்க முகவரி ஒன்றைத் தந்து அங்கிருந்து பார்சலை மறு அஞ்சல் செய்யும் சேவைகள் இருந்தன. ஆஸ்திரேலிய அஞ்சல் துறையே 2014-இல் ‘ஷாப்மேட்’ என்ற பெயரில் அப்படியொன்றைத் தொடங்கியது. நியூயார்க்கின் பி அண்ட் எச் போன்ற கடைகள் நேரடியாகவே அனுப்பின. யூத ஓய்வுநாளை அனுசரிக்கும் அக்கடை, வெள்ளி மாலை முதல் சனி மாலை வரை இணையத்திலும் ஆர்டர் ஏற்காது என்பதை வாடிக்கையாளர்கள் கணக்கில் வைத்துக்கொண்டார்கள்.

இந்த வழியில் வாங்கியவர்கள் சில இடர்களைத் தாங்களே சுமந்தார்கள். அடாப்டர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்பதால் மின்சாரம் பிரச்சினையில்லை. அமெரிக்க பிளக்குக்கு மாற்றி ஒன்று வாங்கினால் போதும். உத்தரவாதம்தான் சிக்கல். தயாரிப்பாளர்கள் வாங்கிய நாட்டுக்குள்ளேயே மாற்றித் தருவது வழக்கம் என்பதால், கெட்டுப்போனால் திருப்பி அனுப்பும் செலவு வாங்கியவர் தலையில் விழுந்தது. உள்ளூர்க் கடைக்காரரிடம் செல்லுபடியாகும் ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தை வெளிநாட்டுக் கடையிடம் வலியுறுத்துவதும் கடினம். எனவே டிஸ்க் வந்தவுடன் முழுவதும் ஒருமுறை எழுதிச் சோதிப்பது நடைமுறையானது. நொடிக்கு 160 மெகாபைட் வேகத்தில் 8 டெராபைட்டை எழுதி முடிக்க ஏறக்குறைய 14 மணி நேரம் பிடிக்கும்.

வழக்கம் தேய்ந்ததும் படிப்படியாகத்தான். 2013 மே மாதம் ஆஸ்திரேலிய டாலர் சமநிலைக்குக் கீழே இறங்கியது. 2015-இல் 70 அமெரிக்க சென்ட் அளவுக்கு வந்தது. 2017 டிசம்பரில் அமேசான் ஆஸ்திரேலியாவிலேயே சில்லறை விற்பனையைத் தொடங்கியது. 2018 ஜூலை 1 முதல் சிறு பார்சல்களுக்கான ஜி.எஸ்.டி. விலக்கு நீங்கியது. எல்லையில் பார்சலைப் பிரிப்பதற்குப் பதிலாக, ஆண்டுக்கு 75,000 ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் அந்நாட்டில் விற்கும் வெளிநாட்டுக் கடைகளே வரியை வசூலித்துக் கட்ட வேண்டும் என்று சட்டம் சொன்னது. மறு அஞ்சல் சேவைகளும் அதற்குள் வந்தன. அதே நாளில் அமேசான் தன் அமெரிக்கக் கடையிலிருந்து ஆஸ்திரேலிய முகவரிகளுக்கு அனுப்புவதை நிறுத்தியது; வாடிக்கையாளர்களின் அதிருப்திக்குப் பிறகு நவம்பரில் மீண்டும் திறந்தது. அதற்குள் வரி இடைவெளி மூடியாயிற்று.

மூன்று இடைவெளிகளில் ஒன்றை நாணயச் சந்தையும், ஒன்றைச் சட்டமும் சுருக்கின. எஞ்சிய ஒன்று, அதாவது பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கின் மலிவு, எந்த நாட்டின் வரி விதிக்கும் கட்டுப்பட்டதல்ல. சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா என மூன்றே தயாரிப்பாளர்கள் மிஞ்சிய தொழிலில் அந்த விலையை நிர்ணயிப்பவர்கள் அவர்கள்தான். 2018-க்குப் பின் ஓர் ஆஸ்திரேலியர் அமெரிக்க டிஸ்க்கை வாங்கும்போது, மாற்று விகிதம், அனுப்பும் செலவு, 10 சதவீத வரி, கைக்கெட்டாத உத்தரவாதம் ஆகிய நான்கையும் கூட்டிய பிறகே அது மலிவா என்று சொல்ல முடியும்.