ஒரு பைட்டில் தொடங்கிய கணக்கு

லினக்ஸ் 0.11 வெளிவந்தது 1991 டிசம்பரில். அதன் நினைவகக் கோப்பில் 'மெம் மேப்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. நீளம் 3840 பைட், அவ்வளவுதான். அன்றைய லினக்ஸ் அதிகபட்சம் 16 எம்பி நினைவகத்தைக் கையாளும். முதல் 1 எம்பியில் கர்னல் குடியிருக்கும். மீதி 15 எம்பியை 4096 பைட் துண்டுகளாக நறுக்கினால் 3840 வரும். அந்தத் துண்டுக்குத்தான் பேஜ், அதாவது பக்கம் என்று பெயர். பக்கத்துக்கு ஒரு பைட் கணக்கு. அதில் எழுதியிருப்பது, இந்தப் பக்கத்தை இப்போது எத்தனை பேர் பிடித்திருக்கிறார்கள் என்ற எண். பூஜ்யம் என்றால் யாருக்கு வேண்டுமானாலும் தூக்கிக் கொடுக்கலாம்.

யோசனை லினஸ் டோர்வால்ட்ஸுடையது இல்லை. 1960-லேயே ஜார்ஜ் காலின்ஸ் பட்டியல்களை அழிப்பதற்கு இதே முறையைச் சொல்லியிருந்தார். யுனிக்ஸில் ஒரு கோப்புக்கு எத்தனை பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணுவதும் இதே கணக்குதான். ஆனால் 0.11-ல் இந்த எண்ணை வைத்து எடுக்கப்பட்ட ஒரு முடிவைக் கவனிக்க வேண்டும். ஒரு புரோகிராம் ஃபோர்க் செய்து குட்டி போடும்போது தாயின் பக்கங்களை நகலெடுப்பதில்லை. இருவரும் ஒரே பக்கத்தைப் பார்க்க, எண் ஒன்று கூடும், பக்கத்தின் மேல் எழுதத் தடை விழும். யாராவது எழுத வந்தால் கர்னல் எண்ணைப் பார்க்கும். 1 என்றால் வேறு யாருமில்லை, தடையை எடுத்துவிடும். 1-க்கு மேல் என்றால் புதுப் பக்கத்தில் நகலெடுத்துக் கொடுக்கும். நாலைந்து வரி நிரல். படித்தால் இதில் தப்பு வர என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். இந்த நாலைந்து வரிகளுக்கு 29 வருடம் கழித்து லினஸே திரும்பி வர வேண்டியிருந்தது.

என் மாமா ஒருவர் குற்றாலத்தில் ஐந்தருவி ரோட்டில் சீசனுக்கு மட்டும் வீடு வாடகைக்கு விடுவார். சாரல் தொடங்கிவிட்டால் ஒரு வீட்டை இரண்டு மூன்று கோஷ்டிகள் பங்குபோட்டுக்கொள்வதும் உண்டு. அவர் நோட்டில் வீட்டு நம்பருக்கு எதிரே ஆள் எண்ணிக்கை மட்டும் இருக்கும். ரெஃபரன்ஸ் கவுண்ட் என்றால் என்னவென்று ஒருநாள் அவரிடம் விளக்கப் போய், பிரச்சினையை அவர்தான் எனக்குச் சொன்னார். "மூணு பேரு இருக்காவன்னு நோட்டு சொல்லும் மருமவனே. அதுல எவன் துணியக் காயப்போட்டுட்டு அருவிக்குப் போயிருக்கான், எவன் அடுப்புல பால வச்சிட்டுப் போயிருக்கான்னு சொல்லுமா?"

சொல்லாது. துணி காயப்போட்டவர் இருக்கும்போது வீட்டுக்கு வெள்ளையடிக்கலாம், கட்டிலை மாற்றிப் போடலாம். அடுப்பில் பால் இருந்தால் எதையும் தொடக்கூடாது. கர்னலில் பாலை வைத்துவிட்டுப் போகிறவர்கள் பெரும்பாலும் சேமிப்பு அடுக்குக்காரர்கள்.

அந்த அடுக்கின் இன்றைய உருவம் 2001 கடைசியில், லினக்ஸ் 2.5.1-ல் வந்தது. அதற்கு முன்னால் வட்டுக்குப் போகும் ஒவ்வொரு வேலையும் பஃபர் ஹெட் என்ற சின்னச் சின்னத் துண்டுகளாக உடைக்கப்படும். பெரிய கோப்பை எழுத வேண்டுமென்றால் உடைத்து, வரிசையில் நிறுத்தி, பக்கத்தில் பக்கத்தில் இருப்பவற்றை மறுபடி ஒட்டி அனுப்ப வேண்டும். உடைத்து ஒட்டுவதற்குப் பதில் உடைக்காமலே அனுப்பினால் என்ன? இதற்காக யென்ஸ் ஆக்ஸ்போ கொண்டுவந்ததுதான் பயோ. ஒரு பயோவுக்குள் மூன்று மூன்றாகத் தகவல் வரிசை: எந்தப் பக்கம், அதில் எங்கிருந்து, எவ்வளவு நீளம்.

இந்த மாற்றத்தை விளக்கும் குறிப்புகள் 2002 ஜனவரியில் எழுதப்பட்டு கர்னலோடு சேர்த்தே வெளிவந்தன. ஆசிரியர்கள் இருவர். ஒருவர் ஆக்ஸ்போ. இன்னொருவர் பெங்களூரு ஐபிஎம்மிலிருந்து எழுதிய சுபர்ணா பட்டாச்சார்யா. அடுத்த வருடம் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் 2.5-ன் ஏஸிங்க் ஐஓ பற்றிய கட்டுரையின் முதல் ஆசிரியரும் அவர்தான். பின்னாளில் ஐஐஎஸ்சியில் மென்பொருள் வீக்கம் பற்றி முனைவர் ஆய்வு செய்தார். அந்தப் பத்தாண்டுகளில் பெங்களூருவிலிருந்து லினக்ஸின் நடு எலும்புக்குள் கை வைத்தவர்கள் ஒரு குழுவாகவே இருந்தார்கள். திபங்கர் சர்மா, பால்பீர் சிங் என்று பெயர்கள் சொல்லலாம். நம் ஐடி வரலாற்றைப் பேசும்போது ஒய்2கேவும் கால் சென்டரும் வரும் அளவுக்கு இவர்கள் வருவதில்லை. எனக்கு இது சின்ன வருத்தம் இல்லை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஸோஹோ அலுவலகம் வந்த பிறகு எங்கள் ஊர்ப் பையன்களுக்கு நிறுவனப் பெயர்கள் நன்றாகத் தெரியும். கர்னலில் ஒரு அடுக்கின் அடிப்படைக் குறிப்பே பக்கத்து மாநிலத்திலிருந்து எழுதப்பட்டது என்பது தெரியாது.

சரி, பாலுக்கு வருவோம். டேட்டாபேஸ்கள் பலவும் டைரக்ட் ஐஓ என்ற குறுக்குவழியில் போகும். கர்னலின் இடைக்கிடங்கில் போட்டு எடுக்காமல், வட்டிலிருந்து நேராகப் புரோகிராமின் நினைவகத்துக்கே தரவு வரும். கர்னல் 'கெட் யூசர் பேஜஸ்' என்ற செயல்கூறைக் கூப்பிட்டு அந்தப் பக்கங்களின் எண்ணை ஒன்று கூட்டிவிட்டு, பயோவில் கோத்து, வட்டுக்கு அனுப்பிவிடும். வட்டு தன் போக்கில் டிஎம்ஏ மூலம் எழுதும். பிராசஸருக்கு அதில் வேலையில்லை. அதனால் பிராசஸர் மதிக்கும் எழுதத் தடையும் அதைக் கட்டுப்படுத்தாது.

இப்போது இரண்டு இடத்தில் உடையும். முதலாவது ஃபோர்க். வட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது தாய் ஃபோர்க் செய்து, உடனே அதே பக்கத்தில் தானும் எழுதினால், கர்னல் எண்ணைப் பார்த்து அவளுக்குப் புது நகல் கொடுத்துவிடும். வட்டிலிருந்து வரும் தரவோ பழைய பக்கத்தில் விழும். தாய் பார்ப்பது காலி நகல். பிழைச் செய்தி எதுவும் வராது. கணக்கு மட்டும் தப்பாக இருக்கும். தனியார் நினைவகத்தை வைத்து டைரக்ட் ஐஓ நடக்கும்போது ஃபோர்க் செய்யாதே என்று லினக்ஸ் கையேட்டிலேயே எச்சரிக்கை எழுதி வைத்தார்கள். வீட்டைப் பழுதுபார்க்காமல் வாசலில் போர்டு மாட்டிய கதை.

இரண்டாவது இடம், அந்தப் பக்கம் ஒரு கோப்பின் பக்கமாக இருந்தால். கோப்பு அமைப்பு அதற்கு எழுதத் தடை போட்டு, வட்டில் எழுதி, 'சுத்தம்' என்று குறித்துத் தன் துணைக் கணக்குகளைக் கலைத்துவிடும். பிராசஸர் மறுபடி எழுத வந்தால் தடையில் முட்டும், கோப்பு அமைப்புக்குத் தகவல் போகும். டிஎம்ஏ முட்டாது. அது எழுதி முடித்த பிறகு டிரைவர் வந்து 'இந்தப் பக்கம் அழுக்கு' என்று சொல்லும்போது, கோப்பு அமைப்பிடம் அந்தப் பக்கத்துக்கான ஏற்பாடே இருக்காது. இந்தச் சிக்கலை சூஸேயின் யான் காரா 2018-ல் தெளிவாக எடுத்துவைத்தார். அந்த வருடம் யூட்டாவின் பார்க் சிட்டியிலும், அடுத்த வருடம் போர்ட்டோ ரிக்கோவின் சான் யுவானிலும் நடந்த நினைவக, சேமிப்பு மாநாடுகளில் இதற்கு மணிக்கணக்கில் பேச்சு ஓடியது. 'கெட்' வேறு, 'பின்' வேறு. சும்மா பிடித்திருப்பவரையும் ஆணியடித்திருப்பவரையும் பிரித்துக் குறித்தாக வேண்டும். எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். எங்கே குறிப்பது?

இடமில்லை. நிஜமாகவே இடமில்லை. 0.11-ன் ஒரு பைட் வளர்ந்து வளர்ந்து இப்போது பக்கத்துக்கு 64 பைட் கொண்ட 'ஸ்ட்ரக்ட் பேஜ்' ஆகியிருக்கிறது. 16 ஜிபி கணினியில் ஏறத்தாழ 42 லட்சம் பக்கங்கள். இந்தக் கணக்குப் புத்தகம் மட்டுமே 256 எம்பி. இன்னும் 4 பைட் சேர்த்தால் 16 எம்பி கூடும் என்பதோடு போகாது, 64 என்ற ஒழுங்கும் குலையும். ஒரு பிட்டுக்கே அடிதடி நடக்கும் இடம் அது.

என்விடியாவின் ஜான் ஹப்பர்ட் 2020-ல் உள்ளே கொண்டுவந்த தீர்வு, நம்மூர் மளிகைக்கடைக் கணக்கு மாதிரி இருக்கிறது. எண் ஒன்றேதான். சாதாரணமாகப் பிடிப்பவர் 1 கூட்டுவார். ஆணியடிப்பவர் 1024 கூட்டுவார். எண் 1024-க்குக் கீழே இருந்தால் நிச்சயம் ஆணி இல்லை. மேலே இருந்தால்? ஆணி இருக்கலாம். ஆயிரத்துச் சொச்சம் பேர் சும்மா பிடித்துக்கொண்டும் இருக்கலாம். இதைச் சோதிக்கும் செயல்கூறின் பெயரிலேயே 'மேபி' என்ற சொல் இருக்கிறது. கர்னல் நிரலில் இவ்வளவு நேர்மையான பெயரை நான் அதிகம் பார்த்ததில்லை. தப்பினால் எந்தப் பக்கம் தப்பலாம் என்று யோசித்த பெயர் அது. ஆணி இல்லாததை இருக்கிறது என்று நினைத்தால் ஒரு நகல் வீண். இருப்பதை இல்லை என்று நினைத்தால் தரவு போச்சு.

அதே 2020-ல் வேறு திசையிலிருந்து அடி விழுந்தது. கூகுளின் யான் ஹார்ன் ஏற்கெனவே 2019-ல் இந்த 32 பிட் எண்ணைச் சுற்றவைத்துப் பூஜ்யமாக்க முடியும் என்று காட்டியவர். அதற்கு 140 ஜிபி அளவுக்கு நினைவகம் வேண்டும், அது தனிக் கதை. இந்த முறை அவர் காட்டியது எளிமையானது. குட்டி, தாயோடு பகிர்ந்த பக்கத்தை ஒரு பைப்புக்குள் பிடித்து வைத்துக்கொண்டு, தன் வரைபடத்திலிருந்து அதைக் கழற்றிவிடும். இடைப்பட்ட வருடங்களில் கர்னல் மொத்தப் பிடிகளை விட்டுவிட்டு, எத்தனை வரைபடங்களில் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் பார்க்கத் தொடங்கியிருந்தது. தாயிடம் மட்டும்தான் இருக்கிறது என்று நம்பி, அதே பக்கத்தில் அவளை எழுதவிட்டது. அவள் எழுதிய ரகசியத்தைக் குட்டி பைப் வழியாகப் படிக்கும். ஆண்ட்ராய்டில் செயலிகள் எல்லாம் ஒரே தாயிலிருந்து ஃபோர்க் ஆகின்றன என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

லினஸ் 5.9-ல் பழைய விதிக்கே திரும்பினார். மொத்தப் பிடி 1 இல்லையென்றால் நகலெடு. 1991-ன் அதே வரிகள். ஓட்டை அடைந்தது, ஆனால் டைரக்ட் ஐஓவின் பிடியும் மொத்த எண்ணில்தானே இருக்கிறது? ஃபோர்க்கே நடக்காத இடத்திலும் எண் 2 என்று பார்த்து நகலெடுக்க, வட்டு பழைய பக்கத்தில் எழுதும் சங்கடம் புதுப் புது வாசல்களில் வந்தது. ஆண்ட்ரியா ஆர்காஞ்செலி இந்த மாற்றத்தைக் கடுமையாக எதிர்த்தார். பாதுகாப்பா, தரவா என்று கேட்டால் இரண்டும் என்றுதான் சொல்ல முடியும். ஒரே எண்ணால் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியவில்லை.

ரெட் ஹாட்டின் டேவிட் ஹில்டன்பிராண்ட் 2022-ல், லினக்ஸ் 5.19-ல், எண்ணை விட்டுவிட்டு வேறு கேள்வி கேட்டார். இந்தப் பக்கம் ஒருவருக்கே சொந்தமா? அதற்கு ஒரு பிட். சொந்தப் பக்கத்தில்தான் ஆணியடிக்கலாம், ஆணி இருக்கும்வரை அந்தச் சொந்தத்தைப் பங்குபோட முடியாது. ஃபோர்க் நடந்தால் குட்டிக்கு அப்போதே நகல். எனக்குப் பிடித்த தீர்வு இதுதான். ஆனால் இது ஆணியடிப்பவர்களுக்கு மட்டுமே காப்பு. சேமிப்பு அடுக்கின் டைரக்ட் ஐஓ அப்போதும் பழைய பாணியில் 1 கூட்டிக்கொண்டிருந்தது. யாரை முன்னிட்டு இத்தனையும் தொடங்கியதோ அவரே வெளியே நின்றார்.

2023-ல்தான், இன்னொரு ரெட் ஹாட்காரரான டேவிட் ஹோவெல்ஸ், பயோவுக்குள் பக்கம் வரும் வழியை மாற்றி எழுதினார். புரோகிராமின் பக்கமென்றால் ஆணி. கர்னலின் சொந்தப் பக்கமென்றால் பிடியே வேண்டாம், கொடுத்தவர் பொறுப்பு. வேலை முடிந்து கழற்றும்போது எதைக் கழற்ற வேண்டும் என்று தெரிய பயோவில் ஒரு குறி. சுபர்ணாவும் ஆக்ஸ்போவும் குறிப்பெழுதி அப்போது 21 வருடம் ஆகியிருந்தது.

இப்போது மேத்யூ வில்காக்ஸ் முன்னெடுக்கும் திட்டம், அந்த 64 பைட்டையே 8 பைட்டாகச் சுருக்கி, மீதியைத் தேவைப்பட்டால் மட்டும் தனியாக ஒதுக்குவது. முதல் படியான ஃபோலியோ 2022 தொடக்கத்தில் 5.16-ல் உள்ளே வந்துவிட்டது. 8 பைட் என்றால் 0.11-ன் கணக்கைப் போல 8 மடங்கு.